படம் எடுத்தாச்சு

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்காமல் யாரும் எக்ஸ்ரே அறைக்குள் நுழைவதில்லை. பெரிய டாக்டர்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். கோபக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கதிர்வீச்சு உள்ள அறைக்குப் பொறுப்பாக இருப்பவள் கொஞ்சம் கடுகடுவென்று இருந்தால்தான் எல்லாருக்கும் நல்லது.

நாகூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடற்கரையை ஒட்டிய ஊர். சின்ன அறக்கட்டளை ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரி. கிழக்கே மீனவர் குடியிருப்பு, மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். காலையில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் கடலிலிருந்து வந்திருப்பார்கள், பாதிப்பேர் சேற்றிலிருந்து. நான் சேற்றுப் பக்கத்து ஆள். கீழ்வேளூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நடவு சமயத்தில் லீவு கேட்டு நான் போடுகிற சண்டை ஆஸ்பத்திரியில் பிரசித்தம்.

இருட்டறைக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதில் ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. ஒரு சிவப்பு விளக்கு, மருந்துத் தொட்டிகள், மூக்கை அரிக்கும் நெடி. பிலிமை மருந்தில் நனைத்து, கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயப்போட வேண்டும். ஐப்பசி மழையில் அது லேசில் காயாது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு, காயட்டும் காயட்டும் என்று வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிலிம் கைக்கு வராமல் ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து போனதற்கே ஒரு மரியாதை.

காய்வதைவிடப் பெரிய கஷ்டம் படிப்பது. கை கால் முறிவு என்றால் எங்கள் டாக்டர்களே பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சுப் படத்தில் சந்தேகம் வந்துவிட்டால், பிலிமை நோயாளியின் வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்துத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றிவிடுவோம். அங்கே எக்ஸ்ரே படிக்கும் டாக்டரைப் பிடித்து, அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அந்த ஆள் திரும்பி வர வேண்டும். சில நோய்கள் அதுவரை பொறுக்கும். சில நோய்கள் பொறுக்கவில்லை. எழுதியது கைக்கு வந்து, படுக்கை காலியாக இருந்த நாட்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது.

டிஜிட்டல் எக்ஸ்ரே வந்து இறங்கிய அன்று ஆஸ்பத்திரியே வாசலுக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்தார். படத்தை வாங்குகிற பலகை மேல் பொட்டு வைக்கப் போனவரை அப்படியே நிறுத்தினேன்.

"அதுல பொட்டு வச்சா வர்றவங்க நெஞ்சுலல்லாம் பொட்டு தெரியும். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பொட்டை என் மேசைக்கு வைத்துவிட்டுப் போனார். தெரியுமா தெரியாதா என்று எனக்கே நிச்சயம் கிடையாது. ஆனால் அந்தப் பலகையை நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்டர்நெட்டுக்கு வேறு மாதிரி சோதனை வந்தது. அணை திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி, மண்ணோடு சேர்த்து எங்கள் கேபிளையும் வாரிக் கரையில் போட்டுவிட்டது. சண்டைக்குப் போனேன். போய்ப் பார்த்தால், எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வருகிற அதே வாய்க்கால். என் வயலுக்கு வருகிற தண்ணீரை நானே எப்படித் திட்டுவது? பேசாமல் திரும்பி வந்து, கேபிள் சரியாகும்வரை என் போனை மொட்டைமாடியில் வைத்து, அதிலிருந்து படங்களை அனுப்பினேன்.

தஞ்சாவூரில் உட்கார்ந்து எங்கள் படங்களைப் படிக்கிற டாக்டரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பெண் டாக்டர் என்பது மட்டும் தெரியும். எங்களைப் போலப் பல ஊர்களுக்கு அவர்தான் கண். நான் இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே அவர் திரையில் விழும். படித்து டைப் செய்து அனுப்புவார். முதல் ரிப்போர்ட் வந்தபோது என் டீ இன்னும் ஆறவில்லை. வயல் வேலைக்குப் போகிற ஒரு அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. அன்றைக்கே நீரை எடுத்தார்கள், சாயந்திரம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். ஏதோ நானே அந்த மெஷினைக் கண்டுபிடித்த மாதிரி அன்று முழுக்க வார்டு வார்டாகச் சுற்றி வந்தேன்.

ஆனால் பிலிம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. படம் நொடியில் திரையில் விழுவதால், எல்லாரும் தங்கள் போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடிக்கத் தொடங்கினார்கள். உறைக்குப் பதில் இது. வீட்டுக்குப் போவதற்குள் முட்டியெலும்பு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்குப் படம் எடுப்பதே பாதி வைத்தியம். மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்ததும் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். இடுப்பு வலிக்கு வந்த ஒருவர், "போன தடவை பிடிச்சது நல்லா கேட்டுச்சும்மா, இன்னொரு தடவை பிடிச்சு விடுங்க" என்று சொன்னபோது நான் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் முதல் தொழிலுக்குக் கிளம்புகிற சமயம் அது. விசைப்படகை இங்கே போட்டு என்றுதான் சொல்வார்கள். மாசக் கணக்கில் கரையில் கிடந்துவிட்டுக் கிளம்புவதால் ஊரே பரபரப்பாக இருக்கும். ஐஸ் ஏற்றுவதும், வலை ஏற்றுவதும், படகின் முன்பக்க அணியத்தில் மாலை போட்டுச் சூடம் காட்டுவதுமாக ஒரு திருவிழாதான். போனால் ஒரு வாரத்துக்கு மேல் கரை திரும்ப மாட்டார்கள்.

அன்று வந்த அந்த மீனவருக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். காலையில் ஐஸ் ஏற்றும்போது இடதுபக்க நெஞ்சில் சுருக்கென்று பிடித்துக்கொண்டதாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் போட்டில் ஏற்றுவேன் என்று ஓனர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் டியூட்டி டாக்டர் சின்னப் பெண், கெட்டிக்காரி. இசிஜி எடுத்துப் பார்த்தார், இதயத்தில் கோளாறு இல்லை. ஆனாலும் மனசு ஒப்பாமல் நெஞ்சுப் படத்துக்கு அனுப்பினார். நான் எடுத்து தஞ்சாவூருக்கு அனுப்பினேன். என் கண்ணுக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகத்தான் பட்டது. அவர் வழக்கம்போலத் திரையைப் போட்டோ பிடித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வெளிய உக்காருங்க. டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க" என்றேன்.

"சரிங்கம்மா" என்று பவ்யமாகத்தான் சொன்னார்.

அடுத்து, மரத்திலிருந்து விழுந்த ஒரு குழந்தையைக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கையை அசையாமல் பிடித்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. டியூட்டி டாக்டர் பிரசவ அறைக்குப் போயிருந்தார். நான் வெளியே வந்தபோது பெஞ்ச் காலி. டீ குடிக்கப் போயிருப்பார் என்றார் வாட்ச்மேன்.

அப்போது போன் அடித்தது. தஞ்சாவூர் டாக்டர். அவர் டைப் செய்து அனுப்புகிறவரே தவிர, கூப்பிடுகிறவர் இல்லை.

"அந்த நெஞ்சுப் படம் அனுப்புனீங்களே, அவர் எங்க இருக்காரு?"

"இங்கதாங்க மேடம் இருந்தாரு. இப்பக் காணோம்."

"உடனே படுக்க வைக்கணும் அவர. இடது நுரையீரல்லேர்ந்து காத்து கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள சேந்திருக்கு. நுரையீரல் சுருங்கியிருக்கு. மேல, ஓரத்துல, முடி மாதிரி ஒரு கோடு தெரியும் பாருங்க."

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. அவர் சொன்ன பிறகு அந்தக் கோட்டைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

"இப்போதைக்குத் தாங்குவாரு. பாரம் தூக்குனா, பலமா இருமுனா சட்டுனு மோசமாயிடும். அப்பக் குழாய் போட்டுக் காத்த எடுக்கலன்னா உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா பயமில்ல. என்ன வேலை பாக்குறாரு?"

"கடலுக்குப் போறவருங்க மேடம்."

"உடனே பிடிங்க அவர. நான் லைன்லயே இருக்கேன்."

சீட்டு போடும்போது அந்த மனிதர் கொடுத்திருந்தது மனைவியின் நம்பர். ஆஸ்பத்திரி போனில் கூப்பிட்டேன். பின்னால் காற்றும் இரைச்சலும்.

"போட்டு கெளம்பிருச்சேக்கா" என்றாள் அந்தப் பெண். "ஆத்துமுகத்துல தண்ணி ஏறுனதும் போயிட்டாங்க. படம் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத்தானே ஏறுனாரு?"

பிரசவ அறைக் கதவைத் தட்டி டாக்டரிடம் சொன்னேன். தலை வெளியே வருகிற பிள்ளையை விட்டுவிட்டு அவர் வர முடியாது. "ஆம்புலன்ஸ நான் துறைக்கு அனுப்பச் சொல்றேன். நீங்க போங்க, எப்படியாவது நிறுத்துங்க" என்றார். ஸ்கூட்டரை எடுத்தேன். தஞ்சாவூர் டாக்டர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. என் போனை அப்படியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

துறையில் அவர் மனைவியும் ஓனரும் நின்றிருந்தார்கள். ஓனர் வயதானவர், நிதானமான மனிதர். நான் சொல்லி முடிக்குமுன் தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் என் திரை, என் படம்.

"எனக்கு இத அனுப்பிட்டுத்தாம்மா ஏறுனான். பாத்தேன். எலும்பெல்லாம் முழுசா இருக்கேன்னு நானும் சரின்னுட்டேன்."

அந்தப் போனிலேயே கோட்டைக் காட்டினேன். "இந்தக் கோடு வரைக்கும்தான் நுரையீரல் இருக்கு. அதுக்கு வெளிய கருப்பா இருக்கு பாருங்க, அங்கயும் இருக்கணும். இல்ல. வெறும் காத்து." பக்கத்தில் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓனர் கடலைப் பார்த்தார். "மொத தொழிலுக்கு சூடம் காட்டி அனுப்புன போட்டு வெறுங்கையோட கரைக்குத் திரும்பக் கூடாதும்மா. வருசமே போயிரும்னு பசங்க நெனைப்பானுங்க. நான் கூப்பிட்டாலும் டிரைவர் லேசுல திரும்ப மாட்டான். அவன்கிட்ட நீங்களே பேசுங்க."

துறையில் கட்டிக் கிடந்த அவருடைய இன்னொரு போட்டில்தான் வயர்லெஸ் இருந்தது. கடலோரத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் படகில் கால் வைத்ததில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்தான் என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள்.

ஓனர் கூப்பிட்டார். கரகரவென்று டிரைவர் குரல் வந்தது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்னண்ணே இது, ஆத்துமுகத்தத் தாண்டிக் கடலுக்கு வந்தாச்சு. அவன் நல்லாத்தான் நிக்கிறான், நீங்களே கேளுங்க" என்று மைக்கை அந்த மனிதரிடமே கொடுத்துவிட்டார்.

"அம்மா, படம்தான் எடுத்தாச்சேம்மா. இப்ப வலிகூடக் கொறஞ்சிருக்கு" என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"எடுத்தது படம்தான், வைத்தியம் இல்ல. இன்ஜின் மூடியத் தெறந்து பாத்துட்டு மூடிட்டா கோளாறு சரியாயிருமா? அப்படி ஒரு இன்ஜின வச்சுக்கிட்டு நடுக்கடலுக்குப் போவீங்களா நீங்க? நெஞ்சுல ஓட்டைய வச்சுக்கிட்டுப் போறீங்களே."

அந்த வயர்லெஸில் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை போட்டுக்கும் கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. எங்கிருந்தோ ஒரு குரல் நடுவில் புகுந்து, "யாரு அந்தம்மா, இந்தக் கிழி கிழிக்குது" என்றது. இன்னொரு குரல் அதை அடக்கியது. நான் கவலைப்படவில்லை. போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"இத நான் சொல்லல. உங்க படத்தப் படிச்ச டாக்டர் தஞ்சாவூர்லேர்ந்து பேசறாங்க. பதில் சொல்லுங்க."

தஞ்சாவூர் டாக்டர் என்னைப் போலக் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். "இன்ஜின் சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க. கொறைச்சாச்சா? சரி. இப்ப உங்க வீட்டு ஆளுங்க பேரையெல்லாம் நிறுத்தாம சொல்லுங்க பாப்போம்."

இன்ஜின் ஓசை அடங்கியிருந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். அம்மா பேர் வந்தது. மனைவி பேர் வந்தது. மூத்த பிள்ளை பேரின் நடுவில் குரல் அறுந்தது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு அதுவரை இன்ஜின் இரைச்சலில் கேட்காதது இப்போது எல்லாப் போட்டுக்கும் கேட்டது.

பிறகு டிரைவர் குரல் வந்தது. "திருப்புறேண்ணே."

அப்போது ஓனர் செய்ததை நான் என்றைக்கும் மெச்சுவேன். மைக்கை வாங்கி, "முகத்துக்கு வெளியவே நில்லு. போட்டு கரையத் தொட வேணாம். ஃபைபர் அனுப்புறேன், அவனப் படுக்க வச்சாப்ல இறக்கி விட்டுட்டு நீ தொழிலுக்குப் போ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கரையத் தொடலன்னா திரும்புனதா ஆவாதும்மா" என்றார். அவர்கள் சட்டத்தில் அப்படி ஒரு சந்து இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சின்ன ஃபைபர் படகு ஒன்று சீறிக்கொண்டு போனது.

அது திரும்பி வருவதற்குள் நான் எந்தச் சாமியை வேண்டவில்லை என்று கேட்டால்தான் சொல்ல முடியும். நாகூர் ஆண்டவரையும் விடவில்லை. படகு வந்தபோது அவரை இரண்டு பேர் நடுவில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. பிரசவத்தை முடித்த கையோடு எங்கள் டாக்டர் ஆம்புலன்ஸிலேயே வந்திருந்தார். ஆக்சிஜனை மாட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடவே போனார். வழியிலேயே மூச்சு முட்டத் தொடங்கியது என்றும், போய்ச் சேர்ந்து குழாய் போட்டதும் நுரையீரல் விரியத் தொடங்கியது என்றும் பிறகு சொன்னார். கடலில் இருந்திருந்தால் என்கிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன் இன்னும் தொடர்பில் இருந்தது. "என்ன ஆச்சுங்க?" என்று தஞ்சாவூரிலிருந்து கேட்டார்.

"கரைக்கு வந்துட்டாருங்க மேடம்."

"நான் படிக்கிற படத்துல இருக்கறவங்க குரல இன்னிக்கித்தான் கேட்டேன்" என்றார். பிறகு, அடுத்த ஊர்ப் படங்கள் காத்திருக்கின்றன என்று வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் வரும்வரை திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். போட்டோ வேண்டுமென்றால் டாக்டர் பார்த்த பிறகு. முனகுவார்கள், முனகட்டும். மீனவர்கள் பலர் என்னை வயர்லெஸ் அம்மா என்று சொல்வதாகக் கேள்வி. எங்களிடம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களின் வசதியில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஒரு மெஷினும் ஒரு கேபிளும், முகம் தெரியாத ஒரு டாக்டரும், கடலைப் பார்த்துக் கத்த ஒரு கோபக்காரியும் இருந்தார்கள். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

குழாயெல்லாம் எடுத்து, உடம்பு தேறிய பிறகு, மறுபடி நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க வந்தார் அவர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தாள். பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தி, "நல்லா மூச்ச இழுங்க, பிடிங்க" என்றேன். இழுத்தார். விலா விரிந்தது. பொத்தானை அழுத்திவிட்டேன். ஆனால் விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி வழியாக அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே விட்டுவிட்டுத் திரும்பினார். "என்னம்மா நீங்க, பிடிங்கன்னு சொல்லிட்டு விடுங்கன்னு சொல்லாம நிக்கிறீங்க, வெளிய எம் பொண்டாட்டி ரெண்டு பிள்ளையையும் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்துட்டு எப்பப் போவோம் எப்பப் போவோம்னு அவ கெடந்து பறக்குறா, நீங்க என்னடான்னா என்னய நிக்க வச்சு வேடிக்கை பாக்குறீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ரிப்போர்ட் வரட்டும், வெளியே போய் உட்காருங்கள் என்று அதட்டி அனுப்பினேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.